கானாவுக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

கானாவின் துறைமுக நகரமான தேமாவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் என்று வரிசையாக ராணுவம் ஆட்சியைப் பிடித்த செய்திகளைப் பார்த்துவிட்டு அம்மா போகவே கூடாது என்கிறார், கானாவில் ஆட்சி எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நான் 2008-லிருந்து இங்கே இருக்கிறேன். அம்மா பயப்படுவதைத் தப்பு சொல்ல மாட்டேன். புர்கினா ஃபாசோ நமக்கு வடக்கு எல்லைதான். ஆனால் கானா அதையெல்லாம் முன்னாலேயே பட்டுத் தெளிந்த ஊர் தம்பி.

தலைநகர் அக்ராவில் நான் வந்திறங்கியபோது அந்த விமான நிலையத்துக்குக் கொடோகா என்று பெயர். யார் என்று விசாரித்தால், 1966-ல் நாட்டின் முதல் தலைவர் குவாமே நிக்ரூமாவின் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவ அதிகாரிகளில் ஒருவராம். மறு வருஷமே இன்னொரு கலக முயற்சியில் அவரையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நிக்ரூமா லேசுப்பட்ட ஆள் இல்லை. 1951 தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே ஜெயித்தவர், 1957 மார்ச் 6-ல் விடுதலை வாங்கித் தந்தவர். அதே மனிதர் 1964-ல் ஒரே கட்சிதான் என்று சட்டம் போட்டார். 1966 பிப்ரவரியில் வெளிநாடு போயிருந்தபோது ஆட்சி போயிற்று. அதன்பின் அவர் உயிரோடு ஊர் திரும்பவில்லை.

அப்புறம் 1972, 1978, 1979, 1981. மொத்தம் ஐந்து முறை ராணுவம் ஆட்சியை மாற்றியிருக்கிறது. தேமாவிலிருந்து கடற்கரைச் சாலையில் அக்ரா போனால் வழியில் டெஷி வரும். 1979 ஜூனில் அங்கேதான் முன்னாள் ஆட்சித் தலைவர்கள் மூன்று பேரை நிறுத்திவைத்துச் சுட்டார்கள். அந்தக் கலகத்தில் தலையெடுத்த விமானப்படை அதிகாரி ஜெர்ரி ரோலிங்ஸ், தேர்தல் நடத்தி ஆட்சியைக் கொடுத்துவிட்டு, 1981 கடைசி நாளில் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். பிறகு அவரே 1992-ல் இப்போதுள்ள அரசியல் சட்டத்தைக் கொண்டுவந்து, தேர்தலில் நின்று இரண்டு தடவை ஜெயித்து, சட்டப்படி 2001 ஜனவரியில் எதிர்க்கட்சியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளையைக் கிள்ளியவரே தொட்டிலையும் ஆட்டிய கதை. எங்கள் ஃபேக்டரியில் வயதான ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். ரோலிங்ஸ் நல்லவரா கெட்டவரா என்று அவரிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார், பதில் மட்டும் வராது.

ஆட்சி முறை இதுதான்: ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். நான்கு வருஷம், அதிகபட்சம் இரண்டு முறை. பாதிக்கு மேல் வாக்கு வாங்க வேண்டும், இல்லையென்றால் முதல் இருவருக்குள் மறு சுற்று. பிரதமர் கிடையாது. நாடாளுமன்றத்தில் 276 இடம். மந்திரிகளில் பெரும்பாலோர் எம்.பி.க்களாக இருக்க வேண்டும் என்று சட்டம். எனக்கு இது பிடிக்கவில்லை. மந்திரி பதவியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் ஜனாதிபதியை எங்கே கேள்வி கேட்கப்போகிறார்? மாவட்டத் தலைமை நிர்வாகியையும் ஜனாதிபதிதான் நியமிக்கிறார். கலெக்டர் நாற்காலியில் கட்சிக்காரரை உட்காரவைத்தால் எப்படியிருக்கும், அப்படித்தான்.

ஆனால் ஓட்டு போடும் முறையைப் பார்த்தால் மரியாதை வரும். பேராசிரியரானாலும் மீன்கார அம்மாவானாலும் வாக்குச்சீட்டில் கைநாட்டுதான். சாயங்காலம் அதே வாக்குச்சாவடியில் எல்லார் முன்னாலும் சீட்டைத் தூக்கிக் காட்டி எண்ணுவார்கள், சுற்றி நிற்கும் கூட்டமும் சேர்ந்து எண்ணும். முடிவு ரேடியோவுக்குப் போய்விடும். ஒளித்து மாற்றுவது சுலபமில்லை.

நான் வந்த வருஷமே தேர்தல். முதல் சுற்றில் 49 சதவீதம் வாங்கி முன்னால் நின்றவர் ஆளுங்கட்சியின் அகுஃபோ-அடோ. டிசம்பர் 28 மறு சுற்றில் இழுபறி. டாயின் என்ற ஒரே ஒரு தொகுதியில் அன்று வாக்குப்பதிவு நடக்கவில்லை, ஜனவரி 2-ல்தான் நடந்தது. நாடே அந்த ஒரு தொகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு மூட்டை அரிசி வாங்கி வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். கடைசியில் எதிர்க்கட்சியின் மில்ஸ் சுமார் 40,000 வாக்கில் ஜெயித்தார். ஜனவரி 7-ல் பதவியேற்பு. ஒன்றும் நடக்கவில்லை. அந்த அரிசியை ஏப்ரல் வரை சாப்பிட்டோம்.

எல்லாம் சுமுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். 2020 தேர்தலில் உயிர்கள் போயின. அடுத்த ஜனவரியில் சபாநாயகர் தேர்வு அடிதடியாகி, நாடாளுமன்றத்துக்குள்ளேயே சிப்பாய்கள் வந்தார்கள். 2022 கடைசியில் விலைவாசி ஒரே வருஷத்தில் 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நாடு கையை விரித்தது. எங்கள் சம்பளம் இந்த ஊர்ப் பணமான செடியில் (cedi) வந்துகொண்டிருந்ததால் வயிற்றெரிச்சலாக இருந்தது. சம்பளத்தை டாலரில் பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தை மக்கள் 2024 டிசம்பரில் ஓட்டில் காட்டினார்கள். தோற்ற ஆளுங்கட்சி வேட்பாளர் பாவுமியா, அதிகாரப்பூர்வ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மறுநாளே, ஜெயித்த எதிர்க்கட்சியின் மஹாமாவைக் கூப்பிட்டு வாழ்த்தினார்.

இன்னொரு அரசாங்கமும் இங்கே உண்டு: பாரம்பரியத் தலைவர்கள். அகான் இன மக்கள் பகுதியில் 'நானா', தேமா பக்கம் கா மக்களிடம் 'நீ' என்று பெயருக்கு முன்னால் வரும். (மரியாதைச் சொல்தான், நம்ம 'நீ' இல்லை!) அவர்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்று சட்டம், ஆனால் பெரும்பாலான நிலம் அவர்கள் கையில். அவர்கள் கூட்டும் சபைக்கு இங்கே பெயர் தர்பார், நம்ம பக்கத்துச் சொல்லேதான். வெளிநாட்டுக்காரருக்கு நிலம் சொந்தமாகாது, அதிகபட்சம் 50 வருஷக் குத்தகை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு மனையைக் குத்தகைக்கு எடுத்தார், அதே மனையை ஏற்கெனவே இன்னொருவரும் எடுத்திருந்தார். வந்தவுடன் அதில் கை வைக்காதீர்கள்.

யானை படம் போட்ட சட்டையோ குடை படம் போட்ட சட்டையோ சும்மா கொடுத்தாலும் போடாதீர்கள். இரண்டும் கட்சிச் சின்னம். அம்மாவிடம், பயப்பட வேண்டியது மலேரியாவுக்குத்தான் என்று சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டு அந்த மஞ்சள் அட்டையை வாங்கிவிடுங்கள். இறங்கியதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.