ஸ்விட்ச் 2 வாங்கலாமா? கேளுங்கள், சொல்கிறேன்

கையில் வைத்தும் டிவியில் போட்டும் விளையாடும் கேம் கன்சோலான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 ஜூன் 5, 2025 அன்று வெளியானதிலிருந்து என்னிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். பதினோரு வருடமாகக் கோவையில் கேம் கன்சோல் பழுது பார்க்கிறேன். என் மகளும் நானும் வீட்டில் ஒரு ஸ்விட்ச் 2 வைத்து விளையாடுகிறோம். அதனால் இரண்டு பக்கமும் தெரியும் என்கிற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்விகளுக்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, இந்தியாவில் நிண்டெண்டோ இதை அதிகாரபூர்வமாக விற்கவில்லை. இங்கே கடையில் இருப்பதெல்லாம் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவை, கம்பெனி வாரண்டி கிடையாது. வெளியானபோது அமெரிக்காவில் 449.99 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 39 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் கடைக்காரர் கேட்பது வரியும் அவருடைய லாபமும். இரண்டாவது, திரையின் மேல் ஒட்டியே வரும் மெல்லிய படலத்தை உரிக்காதீர்கள். அது பேக்கிங் பிளாஸ்டிக் இல்லை. கண்ணாடி உடைந்தால் சில்லு சிதறாமல் பிடித்து வைப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ஒட்டுவது.

மச்சான் ஜப்பானில் வேலை பார்க்கிறார், தீபாவளிக்கு வருகிறார். அங்கே வெளியானபோது 49,980 யென்தானாம், அமெரிக்காவை விட ரொம்பக் குறைவு. வாங்கி வரச் சொல்லலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி, இன்றைக்கே போன் போட்டு நிறுத்துங்கள். அந்த விலை ஜப்பானுக்குள் விற்கும் தனி மாடலுக்கு. அதில் சிஸ்டம் மொழி ஜப்பானிய மொழி மட்டும்தான், மாற்ற முடியாது. அதை விட முக்கியம், நாடு ஜப்பான் என்று வைத்திருக்கும் நிண்டெண்டோ அக்கவுண்டை மட்டும்தான் அதில் இணைக்க முடியும். நீங்கள் ஏற்கெனவே அமெரிக்க அக்கவுண்டில் கேம் வாங்கி வைத்திருந்தால் அந்த அக்கவுண்ட் இதற்குள் நுழையாது. எல்லா மொழியும் உள்ள மாடல் வெளியானபோது ஜப்பானிலேயே 69,980 யென், அதையும் நிண்டெண்டோவின் சொந்த ஆன்லைன் கடையில் மட்டும்தான் விற்கிறார்கள். யென் மதிப்பு குறைவாக இருந்ததால் வெளிநாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பெட்டியைப் பார்த்து வித்தியாசம் சொல்வது பழக்கமில்லாதவருக்குக் கஷ்டம். மச்சான் ஆசையாக வாங்கி வந்து, நீங்கள் ஆசையாகப் பிரித்து, பிறகு என்னிடம் கொண்டுவந்தால் என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ வேறு உறவினர் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்.

பழைய ஸ்விட்சில் ஓஎல்இடி திரை வைத்த மாடல் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. மாற்றலாமா?

கையில் வைத்து மட்டும் விளையாடுகிறவர் என்றால் அவசரமில்லை. புதியதில் 7.9 அங்குலத் திரை, 1080பி, 120 ஹெர்ட்ஸ், ஆனால் எல்சிடி. இருட்டுக் காட்சியில் உங்கள் பழைய திரையின் கருப்பு இதில் வராது. பேட்டரியும் பழையதில் நாலரை முதல் ஒன்பது மணி நேரம், புதியதில் இரண்டு முதல் ஆறரை. பெரிய கேம் என்றால் இரண்டை ஒட்டித்தான் வருகிறது, என் வீட்டில் பார்த்தேன். டிவியில் போட்டு விளையாடுகிறவர் என்றால் கதை வேறு. டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் 4கே வரை போகும். பழைய ஸ்விட்ச் கேம்கள் பெரும்பாலும் ஓடும், சிலவற்றுக்கு இலவச அப்டேட் உண்டு. போகிமான் ஸ்கார்லெட், வயலெட் இரண்டும் பழையதில் திக்கித் திணறி ஓடின, இதில் நொடிக்கு 60 ஃபிரேமில் வழுக்கிக்கொண்டு போகின்றன. அதைப் பார்த்த அன்று என் மகள் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

ஜிடிஏ 6 வருமா இதில்?

அறிவித்திருப்பது பிஎஸ் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும் மட்டும். அதற்காக இதை வாங்காதீர்கள்.

நல்ல ஸ்கிரீன் கார்டு சொல்லுங்க. மேலே இருக்கிற பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுத்தானே ஒட்டணும்?

எடுக்கக்கூடாது. மேலே எழுதியிருக்கிறேன். படலத்தின் மேலேயே டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுங்கள்.

ஆறு மாதம் பொறுத்தால் விலை குறையும் இல்லையா? அப்புறம் அடுத்த மாடலும் வருமே?

விலை குறையும் என்று காத்திருக்காதீர்கள். முன்பெல்லாம் கன்சோல் வந்து இரண்டு வருடத்தில் விலை இறங்கும். இப்போது தலைகீழ். 2017இல் 299.99 டாலருக்கு வந்த முதல் ஸ்விட்சுக்கு அமெரிக்காவில் கடைசி வரை விலைக்குறைப்பே இல்லை, 2025 ஆகஸ்டில் ஏற்றித்தான் விட்டார்கள். அதே மாதம் பிஎஸ் 5 விலையும் அங்கே ஏறியது.

புது மாடல் என்பது நியாயமான காரணம். 2017இல் வந்த ஸ்விட்சுக்கு நல்ல பேட்டரி உள்ள திருத்திய மாடல் 2019இல் வந்தது, ஓஎல்இடி 2021இல். அதே போல இதற்கும் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இன்றைக்கு விளையாட விரும்பும் இரண்டு கேம் பெயர் உங்களால் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். சொல்ல முடியாவிட்டால் காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

பழைய ஸ்விட்சில் போட்டிருந்த 512 ஜிபி மெமரி கார்டு இதில் போடலாமா?

கேம் வைக்க முடியாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்று தனி வகை வேண்டும். 256 ஜிபி கார்டு 2025இல் அமெரிக்காவில் சுமார் 60 டாலராக இருந்தது. உள்ளே ஏற்கெனவே 256 ஜிபி இருக்கிறது, முதலில் அது நிரம்பட்டும்.

கேம்-கீ கார்டு என்று பெட்டி மேல் போட்டிருக்கிறதே, அது என்ன? வாங்கலாமா?

அந்தக் கார்டுக்குள் கேம் இருக்காது. சாவி மட்டும் இருக்கும். கார்டைச் செருகியதும் முழு கேமையும் இணையத்தில் இறக்க வேண்டும், பிறகு விளையாடும்போதெல்லாம் கார்டும் உள்ளே இருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அப்படித்தான், கிட்டத்தட்ட 50 ஜிபி. என் கருத்து, முடிந்தவரை தவிருங்கள்.

ஏன் தவிர்க்கணும்? டிஜிட்டலில் வாங்கினால் விற்கவே முடியாது. இதையாவது நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். நீங்கள் சொல்வது நியாயமில்லை.

விற்கலாம் என்பது சரி. எந்த அக்கவுண்டோடும் அது ஒட்டிக்கொள்வதில்லை, கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர் விளையாடலாம். பெட்டிக்குள் கேமை இறக்கும் ரகசிய எண் எழுதிய காகிதம் மட்டும் வைத்து விற்பதை விட இது நிச்சயம் மேல். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பார்ப்பது பத்து வருடம் கழித்து. நிண்டெண்டோவின் பழைய கன்சோல்களான வீ யூவுக்கும் 3டிஎஸ்ஸுக்கும் ஆன்லைன் கடையை 2023 மார்ச்சில் மூடினார்கள். வாங்கியதை மறுபடி இறக்கும் வசதியை விட்டு வைத்திருக்கிறார்கள், அது எத்தனை நாளைக்கு? என் மேசையில் முப்பது வருடப் பழைய கேம் கார்ட்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. காண்டாக்ட்டைத் துடைத்துப் போட்டால் இன்றைக்கும் ஓடுகிறது. கேம்-கீ கார்டை முப்பது வருடம் கழித்து எப்படித் துடைத்தாலும் சர்வர் இல்லாவிட்டால் அது பிளாஸ்டிக்தான்.

முப்பது வருடம் கழித்து யார் விளையாடப் போகிறார்கள்? இப்போதெல்லாம் முழு கார்ட்ரிட்ஜ் வாங்கினாலும் அப்டேட் இறக்காமல் எதுவும் ஒழுங்காக ஓடுவதில்லை.

அப்டேட் இல்லாமல் குறையோடு ஓடுவதும், ஓடவே ஓடாததும் ஒன்றா? சைபர்பங்க் 2077 எவ்வளவு பெரிய கேம், அதையே 64 ஜிபி கார்டில் முழுதாகக் கொடுத்திருக்கிறார்கள். மனமிருந்தால் முடியும், செலவுதான் கூடும். மரியோ கார்ட் வேர்ல்டும் டாங்கி காங் பனான்ஸாவும் கார்டிலேயே இருக்கின்றன. யார் விளையாடப் போகிறார்கள் என்றால், என் மகள். நான் சிறு வயதில் விளையாடியதை அவளுக்குக் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்த்தவன் நான். அந்த வாய்ப்பு அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வால்பாறையிலிருந்து எழுதுகிறேன். இருவரும் முப்பது வருடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே பிரச்சினை. மொபைல் டேட்டாவை வைத்து 50 ஜிபி எப்படி இறக்குவது?

நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான், நன்றி. ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு அது ஒரு மாத வேலை. இடம் போதாமல் அழித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. உங்களுக்குக் கேம்-கீ கார்டு வேண்டவே வேண்டாம். பெட்டியின் முன்பக்கத்தில் கீழே சாவிப் படத்தோடு வெள்ளைப் பட்டை இருக்கும், அது இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஊரில் யாராவது பிராட்பேண்ட் வைத்திருந்தால் கன்சோலை எடுத்துப்போய் ஓர் இரவு வைத்துவிட்டு வரலாம். ஒரு தடவை இறக்கிவிட்டால் பிறகு இணையம் இல்லாமலே ஓடும்.

நான் கேட்டதை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விட்டீர்கள். செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கு ஒருவர் தருகிறார், வாங்கலாமா?

மன்னியுங்கள், அந்த விவாதத்தில் நேரம் போய்விட்டது. பாதி விலை என்றாலே முதல் சந்தேகம், அந்தக் கன்சோலை நிண்டெண்டோ தடை செய்திருக்கலாம். திருட்டு கேம் ஓட்டும் கார்டுகளைப் போட்ட கன்சோல்களை 2025 ஜூன் மாதத்திலேயே ஆன்லைன் சேவையிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். தடை அக்கவுண்டுக்கு இல்லை, கருவிக்கு. கை மாறினாலும் கூடவே வரும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, திரை எரியும், மெனு வரும். அதனால் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு, உங்கள் அக்கவுண்டில் நுழைந்து, நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். 2124-4508 என்று பிழை எண் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இதைச் செய்ய விடாத விற்பனையாளரிடமும் வாங்காதீர்கள்.

டொரோண்டோவில் இருக்கிறேன் அண்ணா. பிள்ளைகளுக்கு ஏழு வயதும் பத்து வயதும். அறுநூறு கனடா டாலருக்கு மேல் கொடுப்பது தகுமா? முகம் தெரியாதவர்களோடு பேசும் வசதி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது.

தங்கை, வாரண்டி உள்ள ஊரில் இருக்கிறீர்கள், பாதிக் கவலை இல்லை. நீங்கள் கேள்விப்பட்ட பேசும் வசதியின் பெயர் கேம்சாட், அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் போன் செயலியில் அனுமதி கொடுத்தால்தான் அது திறக்கும், யாரோடு பேசலாம் என்பதையும் நீங்களே தேர்வு செய்ய வேண்டும். எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பதையும் அதே செயலியில் வைக்கலாம். வாங்குவதானால் 2025இல் 700 டாலருக்கு வந்த, மரியோ கார்ட் சேர்ந்த பெட்டி இன்னும் கிடைத்தால் அதை வாங்குங்கள், ஒரே திரையில் நாலு பேர் வரை ஓட்டலாம். பழைய ஸ்விட்ச் வீட்டில் இருந்தால் விற்காதீர்கள். மரியோ ஒடிஸி போன்ற சிலவற்றைப் புதியதிலிருந்து பழையதற்குப் பகிர்ந்து இருவரும் சேர்ந்து விளையாடலாம். சண்டை குறையும். திரைப் படலத்தைப் பிள்ளைகள் நோண்டாமல் மேலே ஒரு கிளாஸ் ஒட்டிக் கொடுங்கள்.

விமான நிலையத்தில் சுங்க வரி எவ்வளவு?

என் துறை இல்லை. சுங்கத் துறை இணையதளத்தில் இப்போதைய பேகேஜ் விதியைப் பாருங்கள்.

தொடாமலே ஸ்டிக் தானாக நகரும் கோளாறு, ஸ்டிக் டிரிஃப்ட், இதிலும் வருமா?

வர வாய்ப்பு உண்டு. காந்தத்தால் இயங்கும், தேயாத ஹால் எஃபெக்ட் வகை ஸ்டிக் இல்லை, உள்ளே தேய்ந்துபோகும் அதே பழைய வகைதான். புதிதாக வடிவமைத்தோம் என்கிறார்கள், எத்தனை வருடம் தாங்கும் என்பதை உபயோகம்தான் சொல்லும். பேட்டரியை பலமான பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் இணையதளம் இதற்குப் பழுது பார்க்கும் வசதியில் பத்துக்கு மூன்றுதான் கொடுத்தது. வாரண்டி இல்லாத நாட்டில் இதை வாங்குகிறவர் ஒரு ஜாய்-கான் (இதன் கன்ட்ரோலர்) விலையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்க வேண்டும்.

விலை எப்போ சார் குறையும்?

மேலே பாருங்கள்.

ஜப்பான் மாடலில் ஏதாவது செய்து இங்கிலீஷ் கொண்டுவர...

முடியாது. மேலே பாருங்கள்.

நேற்று ராத்திரி வாங்கினேன். ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது, பேக்கிங் என்று நினைத்து அந்தப் படலத்தை முழுசாக உரித்துவிட்டேன். இப்போதுதான் இதைப் படிக்கிறேன். போச்சா?

போகவில்லை. திரை அப்படியே வேலை செய்யும், நிறமோ தொடுதலோ மாறாது. கீழே விழுந்து உடைந்தால் சில்லு சிதறும் என்பதுதான் ஆபத்து. உரித்ததை மறுபடி ஒட்டாதீர்கள், தூசி புகுந்து குமிழ் விடும். இன்றைக்கே நல்ல டெம்பர்ட் கிளாஸ் ஒன்று வாங்கி ஒட்டுங்கள், அதுவரை சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். கோவைப் பக்கம் என்றால் கொண்டுவாருங்கள், நானே ஒட்டித் தருகிறேன்.