பந்தின் மேல் ஒருவர், கோட்டுக்குள் நால்வர்: டோனி பென்னெட்டின் வர்ஜீனியா பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு 2009 முதல் 2024 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் டோனி பென்னெட். 15 பருவங்களில் 364 வெற்றி, 136 தோல்வி. 2019இல் தேசியப் பட்டம். அவர் அணியை வளர்த்த விதம் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி: சார், அப்பா பெரிய பயிற்சியாளர் என்பதால்தான் இவருக்கு வேலை கிடைத்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதல் தலைமைப் பதவிக்கு அது பொருந்தும். அப்பா டிக் பென்னெட் 2003 முதல் 2006 வரை வாஷிங்டன் ஸ்டேட்டில் தலைமைப் பயிற்சியாளர், மகன் உதவியாளர். அப்பா விலகியதும் பொறுப்பு மகனிடம் வந்தது.

ஆனால் அதற்கு முன் அவர் நடந்த வழி நீளமானது. கிரீன் பே கல்லூரியில் அப்பாவிடமே ஆடி, மூன்று புள்ளி எறிதலில் 49.7 சதவீதம் என்ற கல்லூரிக்கால சாதனையை வைத்தார். பிறகு தொழில்முறை லீக்கான என்பிஏவில் சார்லட் ஹார்னெட்ஸ் அணி, அதன்பின் நியூசிலாந்தில் ஆட்டமும் பயிற்சியும். 1999-2000 பருவத்தில் விஸ்கான்சின் அணியில் சம்பளமில்லாத மேலாளர். அடுத்து அங்கேயே தலைமைப் பயிற்சியாளர் போ ரயனிடம் உதவியாளர்.

வாஷிங்டன் ஸ்டேட்டில் அப்பாவின் மூன்று பருவங்களிலும் தோல்விதான் அதிகம். 2006-07இல் லீக்கில் கடைசியாக வரும் என்று கணிக்கப்பட்ட அதே அணி, மகனின் முதல் பருவத்தில் 26 வெற்றி, 8 தோல்வி என முடித்தது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அப்பா சேர்த்தவர்கள்தான். தோற்றுக்கொண்டே வளர்ந்த பையன்கள் மூன்றாம், நான்காம் ஆண்டுக்கு வந்திருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வர்ஜீனியாவிலும் இதுவே நடந்தது.

கேள்வி: வர்ஜீனியாவில் பலன் தெரிய எத்தனை வருடம் ஆனது? எங்கள் நிர்வாகம் இரண்டு வருடத்தில் கோப்பை கேட்கிறது.

பதில்: ஐந்து வருடம். அவர் வருவதற்கு முந்தைய பருவம் 10 வெற்றி, 18 தோல்வி. வந்தபின் 15-16, 16-15, 22-10, 23-12, ஐந்தாம் பருவத்தில் 30-7. அந்த 2014இல்தான் வர்ஜீனியா ஆடும் ஏசிசி லீக்கில் முதலிடமும், 1976க்குப் பிறகு முதன்முறையாக லீக் கோப்பையும் வந்தன.

முதல் இரண்டு வருட எண்களைப் பார்த்தால் எதுவும் நடக்காதது போலத்தான் தெரியும். அவர் முழுதாகத் தேர்ந்தெடுத்து 2010இல் சேர்த்த முதல் புதுமுகக் குழுவில் 6 பேர். அவர்களில் 4 பேர் இரண்டு ஆண்டுக்குள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் அது பெரிய அடி. தங்கிய இருவர் ஜோ ஹாரிஸும் அகில் மிட்செலும். நான்கு வருடம் கழித்து அந்த 2014 கோப்பையைத் தூக்கியது இவர்கள் இருவரின் தலைமையில்தான்.

உங்கள் நிர்வாகத்திடம் வெற்றி-தோல்விக் கணக்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எதிரணி ஒரு ஆட்டத்தில் எடுத்த புள்ளிகள், அவர்களுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு ரீபவுண்டுகள் (தவறிய எறிதலை அவர்களே மறுபடி பிடித்தவை), நம் டர்ன்ஓவர்கள் (எறியாமலே பந்தை இழந்தவை) ஆகிய மூன்றையும் மாதாமாதம் காட்டுங்கள். தடுப்பு முதலில் சரியாகும், வெற்றி பின்னால் வரும். இடைப்பட்ட காலத்தில் உங்களைக் காப்பாற்றுவது இந்த எண்கள்தான்.

கேள்வி: பேக்லைன் தடுப்பு என்றால் சரியாக என்ன? காணொளியில் பார்த்தால் ஜோன் மாதிரி இருக்கிறது.

பதில்: ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஜோன் இல்லை, ஆளுக்கு ஆள் தடுப்புதான். டிக் பென்னெட் உருவாக்கியது. ரிங்கிலிருந்து ஏறத்தாழ 16 அடி, அதாவது 4.9 மீட்டர் தூரத்தில் ஒரு வளைகோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் டேப் ஒட்டியே காட்டலாம். பந்து வைத்திருப்பவரைக் காப்பவர் மட்டும் கோட்டுக்கு வெளியே, ஒரு கை தூரத்தில் நின்று அழுத்த வேண்டும். மற்ற நால்வரும் கோட்டுக்கு உள்ளே, தன் ஆளையும் பந்தையும் ஒருசேரப் பார்க்கும் இடத்தில். பக்கத்துப் பாஸை மறிக்கப் போவதில்லை. பாஸ் போகட்டும், டிரைவ் (பந்தைத் தட்டிக்கொண்டு ரிங்கை நோக்கிப் பாய்வது) மட்டும் உள்ளே வரக்கூடாது.

பேஸ்லைன், அதாவது ரிங்குக்குப் பின்னால் இருக்கும் எல்லைக் கோட்டின் பக்கம் விடக்கூடாது. ஆட்டக்காரர் நடுவே வந்தால் அங்கே உதவிக்கு ஆள் இருக்கிறார். பேஸ்லைனில் புகுந்தால் யாருமில்லை. போஸ்டில், அதாவது ரிங்குக்கு அருகே நிற்பவரிடம் பந்து விழுந்தால் மற்ற உயரக்காரர் ஓடிவந்து இருவராக மடக்குவார், மிச்ச மூன்று காப்பவர்கள் எதிரணியின் மற்ற நால்வரையும் பிரித்துப் பார்த்துக்கொள்வார்கள். பந்தோடு ஸ்கிரீன் (பந்து வைத்திருப்பவரைக் காப்பவரை எதிரணி ஆள் ஒருவர் உடலால் மறித்து நிற்பது) வந்தால் வர்ஜீனியாவின் உயரக்காரர் வெளியே பாய்ந்து, டிரிபிள் செய்பவரை அகலவாக்கில் ஓடவிட்டு, உடனே தன் ஆளிடம் திரும்புவார்.

இதை எடுத்து ஆடும் அணிகள் கெடுத்துக்கொள்ளும் இடங்கள் எப்போதும் இந்த நான்குதான். முதலாவது, பந்தைக் காப்பவரும் பின்வாங்கி நிற்பது. அப்படி நின்றால் எதிரணி நிதானமாகப் பார்த்து எந்த மூலைக்கும் பாஸ் போடும், மிச்ச நால்வர் சரியாக நின்றும் பயனில்லை. இரண்டாவது, பாஸ் கைக்குப் போனபிறகு நகர்வது. பந்து காற்றில் இருக்கும்போதே ஐவரும் நகர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, க்ளோஸ்-அவுட்டில் (பாஸ் வாங்கியவரை மறிக்க ஓடுவதில்) பறந்து போவது. முதல் பாதித் தூரம் ஓட்டம், பிறகு குட்டிக் குட்டி அடிகள், கை மேலே, இடுப்பு கீழே. பறந்து போனால் ஒரே ஃபேக்கில் தாண்டிவிடுவார்கள்.

நான்காவதைத் தடுப்புப் பயிற்சியில் பார்க்கவே முடியாது. நம் எறிதல் தவறியதும் திரும்பி ஓடாவிட்டால் கோடு போடவே நேரம் இருக்காது. வர்ஜீனியா தாக்குதல் ரீபவுண்டுக்கு ஆள் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டது இதற்காகத்தான். குறைந்தது இருவர், முடிந்தால் மூவர், எறிதல் கையை விட்டதும் பின்னால் ஓட வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஆடுவது சர்வதேச ஃபிபா விதி, 24 விநாடிக்குள் எறிய வேண்டும். இது எங்களுக்கு ஒத்துவருமா?

பதில்: தடுப்பு ஒத்துவரும். காப்பவர் யாரையும் காக்காமல் ரிங்குக்கு முன்னால் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற என்பிஏ விதி ஃபிபாவில் கிடையாது, அதனால் உள்ளே நிற்கத் தடையில்லை. எதிரணி பந்தைச் சுற்றிவிட நேரமும் குறைவு. அது உங்களுக்கு லாபம்.

கவனிக்க வேண்டியது தூரம். வர்ஜீனியா பட்டம் வென்ற காலத்தில் அமெரிக்கக் கல்லூரி மூன்று புள்ளிக் கோடு 6.32 மீட்டரில் இருந்தது. 2019-20இல்தான் ஆண்களுக்கு ஃபிபாவின் 6.75 வந்தது. ஆகவே 4.9இல் நிற்கும் உங்கள் ஆள் க்ளோஸ்-அவுட்டுக்கு ஏறத்தாழ 40 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டும். நன்றாக எறிபவருக்கு அந்த நேரம் போதும். எதிரணியில் சிறந்த எறிபவர் யாரோ, அவரைக் காப்பவர் மட்டும் கோட்டுக்கு ஓரடி வெளியே நிற்கலாம்.

பயிற்சிக்கு ஒரு வரிசை: முதல் வாரம் ஒருவருக்கு ஒருவர் க்ளோஸ்-அவுட் தினமும் 10 நிமிடம். இரண்டாம் வாரம் நால்வருக்கு நால்வர் ஷெல் (தடுப்பு நகர்வுப் பயிற்சி), டிரிபிள் இல்லாமல் பாஸ் மட்டும், நகர்வு பழக. மூன்றாம் வாரம் டிரிபிளைத் திறந்துவிடுங்கள். ஸ்கிரீனும் போஸ்ட் மடக்குதலும் அதற்குப் பிறகு. முதல் நாளே எல்லாவற்றையும் சொன்னால் யாருக்கும் எதுவும் ஏறாது.

கேள்வி: ரெட்ஷர்ட் என்கிறார்களே, ஒரு வருடம் ஆடாமல் உட்கார எந்தப் பையன் ஒத்துக்கொள்வான்?

பதில்: நல்ல கேள்வி. பென்னெட்டின் வெற்றியில் பாதி இதில் இருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்ற விதியின்படி, ஒரு வருடம் பயிற்சி மட்டும் செய்து, ஆட்டத்தில் இறங்காமல், தகுதியைச் சேமிப்பதுதான் ரெட்ஷர்ட். டெவன் ஹால், ஜாக் சால்ட், மமாடி டியாகிடே, ஜே ஹஃப், டிஆண்ட்ரே ஹன்டர் என எல்லாரும் முதலாண்டில் அப்படி இருந்தவர்கள்தான்.

அந்த வருடம் வெறுமனே உட்காருவதில்லை. ஆட்ட நாள் களைப்பு இல்லாததால் எடைப் பயிற்சியைப் பருவம் முழுக்கத் தொடரலாம். என்பிஏவின் மெம்ஃபிஸ் அணியிலிருந்து வந்த மைக் கர்ட்டிஸ் அதைப் பார்த்துக்கொண்டார். பயிற்சியில் எதிரணி வேடத்தில் முதல் ஐவரை எதிர்த்து ஆட வேண்டும். தடுப்பின் அசைவுகள் உடம்பில் ஏறுவது அங்கேதான். ஹன்டர் 2016-17இல் உட்கார்ந்தார், அடுத்த ஆண்டு லீக்கின் சிறந்த ஆறாம் ஆட்டக்காரர் (மாற்றாக இறங்குபவர்), அதற்கடுத்த ஆண்டு தேசிய இறுதியாட்டத்தில் 27 புள்ளி, பிறகு என்பிஏ தேர்வில் 4ஆம் இடம்.

பையன் ஒத்துக்கொள்வது சேர்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. அப்பாவிடமிருந்து எடுத்த ஐந்து தூண்கள் பென்னெட்டுக்கு உண்டு: பணிவு, ஈடுபாடு, ஒற்றுமை, தொண்டு, நன்றியுணர்வு. சுவரில் எழுதிவைக்க அழகாக இருக்கும். ஆனால் அவர் அதை வடிகட்டியாகப் பயன்படுத்தினார். எத்தனை நிமிடம் ஆடக் கிடைக்கும் என்பதையே முதலில் கேட்கும் பையன் எவ்வளவு திறமையானவனாக இருந்தாலும், இந்த முறையில் நிலைப்பது கடினம்.

கேள்வி: ஆட்டம் ஆமை வேகம். பார்க்கவே முடியவில்லை. இதையா எங்களுக்குச் சிபாரிசு செய்கிறீர்கள்?

பதில்: மெதுவான ஆட்டம் என்பது உண்மை. 2019இல் நாட்டிலேயே மிக மெதுவான அணிகளில் ஒன்று. ஆட்டத்துக்கு 60 சொச்சம் பொசஷன்தான், அதாவது பந்து கையில் வரும் தாக்குதல் வாய்ப்புகள். ஆனால் மெதுவாக ஆடுவதால் தாக்குதல் பலவீனம் என்று நினைக்காதீர்கள். பொசஷன் கணக்கில் பார்த்தால் அந்த அணியின் தாக்குதல் நாட்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

முறை இதுதான்: தாக்கும்போது இருவர் ஸ்கிரீன் போடுபவர்கள், மூவர் ஓடுபவர்கள். முதல் இருவரும் ஸ்கிரீன் போட்டுக்கொண்டே இருப்பார்கள், ஓடுபவர்கள் காப்பவர் நிற்கும் இடத்தைப் பார்த்து வளைந்து உள்ளே வருவார்கள் அல்லது விலகி வெளியே போவார்கள். படம் போட்டுக் கொடுத்த ஆட்டமல்ல, படித்து ஆடுவது. அதனால் கற்க நாளாகும். 24 விநாடிக்கு முழுதாகப் பொருந்தாது. 8 விநாடிக்குள் பாதி கோட்டைத் தாண்டினால் மிச்சம் 16. ஒரு சுற்று ஸ்கிரீன் முடிந்ததும் பந்தோடு ஸ்கிரீன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2018 தேசியப் போட்டியில் யுஎம்பிசி கல்லூரியிடம் தோற்றார்களே, அது?

பதில்: 16ஆம் சீட் (போட்டித் தரவரிசை) அணியிடம் முதல் சீட் அணி தோற்றது ஆண்கள் போட்டி வரலாற்றில் அதுவே முதல்முறை. 74-54. இடைவேளையில் 21-21. அந்தப் பருவத்தில் வர்ஜீனியா ஒரு முழு ஆட்டத்துக்கு விட்டுக்கொடுத்ததே சராசரியாக ஏறத்தாழ 54 புள்ளி. யுஎம்பிசி இரண்டாம் பாதியில் மட்டும் 53 எடுத்தது. மூன்று புள்ளி எறிதலில் அவர்கள் 24க்கு 12, வர்ஜீனியா 22க்கு 4. மணிக்கட்டு முறிந்து ஹன்டர் ஆடவில்லை.

இந்த முறையின் ஓட்டை அதில் முழுதாகத் தெரிந்தது. வெளியே எறிபவர் ஐவர் கோர்ட்டில் விரிந்து நின்று முதல் ஆளை வேகத்தால் தாண்டினால், உதவிக்கு நகரும் ஒவ்வொருவரும் ஒரு எறிபவரை விட்டுவிட்டு நகர்கிறார். பொசஷன் குறைவாக ஆடும் அணிக்கு 10 புள்ளி பின்தங்கலே மலை போன்றது, துரத்த வாய்ப்புகள் போதாது.

பென்னெட் தடுப்பைத் தூக்கி எறியவில்லை. அடுத்த ஆண்டு தாக்குதலில் பந்தோடு ஸ்கிரீனைத் தொடர்ச்சியாக வைக்கும் முறையைச் சேர்த்து, டை ஜெரோம், கைல் கை ஆகிய இருவரிடமும் முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அந்தப் பட்டத்துக்கான பாதையில் பர்டூவை ஓவர்டைமில் 80-75, ஆபர்னை 63-62, இறுதியில் டெக்சஸ் டெக்கை மறுபடி ஓவர்டைமில் 85-77 என வென்றார்கள். ஆபர்ன் ஆட்டத்தில் 0.6 விநாடி மிச்சம் இருக்கையில் கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டார். கடைசி நிமிடத்தில் பதறாத அணி அது. முந்தைய ஆண்டின் அவமானத்தைச் சேர்ந்து தாங்கியவர்கள் பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்திருந்ததால்தான் அது முடிந்தது.

கேள்வி: அப்படியென்றால் ஏன் விலகினார்? வயது 55தானே?

பதில்: 2024 அக்டோபர் 18 அன்று, பருவம் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது அறிவித்தார். அதே ஆண்டு ஜூனில்தான் 2030 வரை ஒப்பந்தம் நீட்டியிருந்தார். புதிய சூழலுக்குத் தான் பொருத்தமானவன் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

சூழல் என்றால் இரண்டு மாற்றம். 2021இலிருந்து ஆட்டக்காரர் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூலையிலிருந்து தன் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் பெறலாம். இரண்டும் ஆட்டக்காரருக்கு நியாயமானவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரெட்ஷர்ட் வைத்து மூன்றாம் ஆண்டில் பலன் பார்க்கும் முறை இதில் நிற்காது. உட்காரச் சொன்ன பையன் ஏப்ரலில் வேறு சட்டையில் இருப்பான். 2019க்குப் பிறகு பென்னெட் விலகும் வரை தேசியப் போட்டியில் வர்ஜீனியா ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை: 2021இல் ஒஹையோ, 2023இல் ஃபர்மன், 2024இல் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42.

இன்று தொடங்குபவர் தடுப்பின் பாடத்தைச் சுருக்க வேண்டும். ஐந்து மாதத்தில் கற்பிக்க முடியாத எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பந்தின் மேல் அழுத்தம், க்ளோஸ்-அவுட், பின்னால் ஓடுவது ஆகிய மூன்றையும் எந்தப் புதிய அணிக்கும் அந்த நேரத்துக்குள் ஏற்றலாம்.

கேள்வி: உதவியாளர்களை எப்படி வைத்திருந்தார்?

பதில்: மாற்றாமல். ஜேசன் வில்லிஃபோர்ட் 2009இலிருந்து கூடவே. ரான் சான்செஸ் வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்தே வந்தவர். இடையில் சார்லட் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்த் திரும்பினார். பென்னெட் விலகியதும் அந்தப் பருவத்தை இடைக்காலமாக நடத்தியவர் அவரே.

கேள்வி: இப்போது யார்?

பதில்: 2025 மார்ச்சில் ரயன் ஓடம் நியமிக்கப்பட்டார். அவருடைய அப்பா டேவ் ஓடம் 1980களில் வர்ஜீனியாவில் உதவிப் பயிற்சியாளர். 2018இல் 74-54 என்று வென்ற யுஎம்பிசி அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரயன் ஓடம்தான்.