கராஜில் தூங்கும் எம்ஜிபி: பானட்டைத் திறக்கும் முன் தரையில் படுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கிறேன். அருகில் ஒரு கிராமத்தில், ஒரு பெரியவரின் கராஜில் 1973-ஆம் வருட எம்ஜிபி ஜிடி (எம்ஜி கம்பெனியின் கூரை வைத்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று பதினைந்து வருடமாக நிற்கிறது. 3,500 பவுண்டு கேட்கிறார். வண்டி ஓடாது, ஆனால் இஞ்சின் சுற்றுகிறது, இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) முன்பே மாற்றியாகிவிட்டது என்கிறார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. வாங்கலாமா? வாங்கினால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: "சில் மாற்றியாகிவிட்டது" என்ற அந்த ஒரு பேச்சில்தான் உங்கள் 3,500 பவுண்டும் தொங்குகிறது. அது உண்மையென்றால் இஞ்சின் செத்துக் கிடந்தாலும் வாங்குங்கள். பொய்யென்றால் இஞ்சின் தேனாக ஓடினாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸ், அதாவது அடிச்சட்டம், என்று ஒன்று கிடையாது. அதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏ-வில் கீழே ஒரு சேஸ், அதன் மேல் பாடி. 1962-இல் வந்த எம்ஜிபியில் தகடுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து, பாடியையே சட்டமாக்கிவிட்டார்கள். கதவுக்குக் கீழே படி போல நீளவாக்கில் ஓடும் பெட்டிதான் சில். வெளித் தகடு, நடுவில் செங்குத்தாக ஒரு தகடு, உள் தகடு, அடியில் கோட்டை மதில் போல் மடிப்பு மடிப்பாக ஒரு பட்டை என்று அதற்குள் நான்கு அடுக்கு இருக்கிறது. வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான். இது உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும்.

இதை ஒழுங்காக மாற்றுவது பெரிய வேலை. சில்லின் முன்முனை முன் விங்குக்குள்ளும் (நம் ஊரில் மட்கார்டு என்போமே, அது) பின்முனை பின் விங்குக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. முன் விங் போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின் விங்கின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு என்று நினைப்பவர்கள், செத்த சில்லின் மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி, ஓரத்தில் பட்டி பூசி, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அழுகின பல்லுக்குத் தங்க உறை போட்ட மாதிரி. பெரியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வேலை செய்தவர் என்ன செய்தார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கதவை மூடிவிட்டு, அதன் முன் இடுக்கும் பின் இடுக்கும் கீழே எங்கே முடிகின்றன என்று பாருங்கள். அவற்றுக்கு நேர் கீழே, சில்லும் விங்கும் சேரும் இடத்தில், சில அங்குலத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு தெரிய வேண்டும். எம்ஜியின் ஆபிங்டன் ஆலையிலிருந்து வந்த வண்டி ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு உண்டு. அது இல்லாமல் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை வழவழவென்று ஒரே தகடாக ஓடினால், போர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். பார்ப்பதற்கு அதுதான் அழகாக இருக்கும், அதுதான் தொல்லை.

அடுத்து ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, சில் நெடுக நகர்த்துங்கள். பிடிப்பு விடும் இடத்தில் பட்டி இருக்கிறது. பிறகு உள்ளே கால்மிதி விரிப்பைத் தூக்கி, சில்லின் உள்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். துரு தின்றது மொத்தென்று கேட்கும். கடைசியாக, பழைய போர்வை ஒன்றை விரித்து, டார்ச்சோடு தரையில் படுத்து அடியைப் பாருங்கள். மடிப்புப் பட்டையின் மடிப்புகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கறுப்புத் தார் பூச்சு கெட்டியாக அப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கதவிடுக்கு சோதனை என்று ஒன்றைப் பலரும் சொல்வார்கள். பக்கவாட்டில் ஜாக்கி போடும் இடத்தில் வைத்துத் தூக்கினால், சில் பலவீனமான வண்டி நடுவில் வளையும். கதவிடுக்கின் அளவு மாறும். என் முதல் எம்ஜிபி கூரை இல்லாத ரோட்ஸ்டர். இஞ்சின் சத்தத்தில் மயங்கி வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்தேன், பிறகு அது மூடவே இல்லை. வண்டியை இறக்கியதும் ஒன்றுமே நடக்காதது போல மூடிக்கொண்டது! ஆனால் நீங்கள் பார்ப்பது ஜிடி. அதன் இரும்புக் கூரை பாடியைப் பிடித்து வைத்திருக்கும், சில் போயிருந்தாலும் இடுக்கு அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. அதனால் ஜிடியில் இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். ஜாக்கி தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனால் மட்டும், பதில் கிடைத்துவிட்டது என்று போர்வையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பலாம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது; அதன் ரப்பர் ஓரம் போனதும் சேறு உள்ளே தேங்கி, விங்கையும் சில்லின் முன்முனையையும் சேர்த்துத் தின்னும். பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். 1973 வண்டியில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, பின்சீட்டுக்கு அடியில் தனித்தனிப் பெட்டியில் இருக்கும். அமிலம் சிந்தி அந்தப் பெட்டிகள் ஓட்டையாவது சகஜம். பெட்ரோல் டேங்க் மேல்பக்கத்திலிருந்து துருப்பிடிக்கும், தூசியும் ஈரமும் அங்கே தங்குவதால். டேங்கைப் பற்றிக் கவலை வேண்டாம், புதிது கிடைக்கிறது.

உண்மையில் எல்லாமே கிடைக்கிறது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி இது. பழைய அச்சுகளை வைத்தே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1988 முதல் முழு எம்ஜிபி பாடியையே புதிதாக அடித்துத் தருகிறது. விலை பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும், அதனால் உங்கள் கதைக்கு அது ஒத்துவராது. ஆனால் தனித்தனித் தகடுகள் கிடைக்கும்.

இஞ்சினைப் பற்றி நான் அலட்சியமாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1798 சிசி, பி-சீரிஸ், மேலே இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். இதே குடும்பத்தின் 1489 சிசி தம்பிதான் நம் அம்பாசடரில் பல காலம் ஓடியது. அம்பாசடரை மரத்தடியில் நிறுத்திப் பிரித்து மாட்டிய மெக்கானிக்குகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நிய இஞ்சின் இல்லை. முரட்டு வார்ப்பிரும்பு, எளிய அமைப்பு, மன்னிக்கும் குணம். ஒன்று மட்டும்: போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து நெம்பினால் தலை மழுங்கிவிடும். அரை அங்குலம், 9/16 முதலிய அங்குல ஸ்பேனர் செட் ஒன்றை முதலில் வாங்குங்கள்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே செல்ஃப் அடிக்கும் ஆசை வரும். அடிக்காதீர்கள். பதினைந்து வருடத்தில் சிலிண்டர் சுவரில் எண்ணெயே இருக்காது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் முன்பக்கப் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, கையாலேயே மெதுவாக முழுச் சுற்றுகள் சுற்றுங்கள். பழைய எண்ணெயை வடித்து 20W-50 ஊற்றுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் மீட்டர் முள் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்த பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், முழுவதும் இறக்கிவிடுங்கள். சாவியைத் திருப்பினால் பின்பக்கமிருந்து டிக், டிக் என்று எஸ்யூ பம்ப் அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிதானமாக வேண்டும். சத்தமே இல்லை என்றால் உள்ளே உள்ள பாயிண்ட் ஒட்டியிருக்கலாம். ஸ்பேனர் பிடியால் பம்ப் மேல் லேசாக ஒரு தட்டு; பல சமயம் டிக்கென்று விழித்துக்கொள்ளும். விழித்தாலும் அதை நம்பி ஊர் தாண்டாதீர்கள். ஸ்டார்ட் ஆகி நன்றாகச் சூடான பின், ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு ஆயில் அழுத்தம் இருந்தால் இஞ்சினின் அடிப்பகுதி நலம். கிளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் பதற வேண்டாம், நின்ற வண்டிகளில் இது வழக்கம்தான்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ரப்பர் குழாய், பின் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. காலிப்பரைப் பிரித்துப் பாருங்கள், பிஸ்டன் இறுகியிருக்கும். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

பெட்ரோல் விஷயம்: பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் 2021 செப்டம்பரிலிருந்து E10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். குழாய்களை மாற்றிவிட்டு, சூப்பர் அன்லெடட் E5 போடுங்கள். வால்வு சீட்டுக்குப் பாதுகாப்பாக இருந்த ஈயம் கலந்த பெட்ரோல் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. என்றைக்காவது ஹெட்டைக் கழற்றினால், அப்போது கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் பொருத்தச் சொல்லுங்கள். அதற்காகவே இப்போது ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

வெல்டிங்குக்கு வருகிறேன். கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் சில்லில் கற்றுக்கொள்ளாதீர்கள். பேட்டரிப் பெட்டி, தரைத் தகட்டில் சின்ன ஒட்டு, இவை பழக நல்ல இடம். சில்லை வெட்டும்போது கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்து, ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும்; நடுநடுவே கதவை மாட்டி இடுக்கைப் பார்க்க வேண்டும். இது தவறினால் பாடி வளைந்தபடியே வெல்டாகிவிடும், பிறகு அதை நிமிர்த்துவது யாராலும் ஆகாது. எம்ஜிபி சில் பலமுறை செய்த ஆளிடம் காசு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். அந்தக் கூலியைக் கேட்டுப் பார்த்தால், நான் ஏன் சில் சில் என்று உயிரை விடுகிறேன் என்று புரியும். ரோட்ஸ்டரைவிட ஜிடி விலை குறைவு; ஆனால் தகடு வேலைக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. முழுதாகப் புதுப்பித்த ஜிடியை விற்றால் போட்ட காசு பெரும்பாலும் வராது.

அதனால் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடும் எண்ணத்தையும் கைவிடுங்கள். பிரிக்க ஒரு வார இறுதி போதும். சேர்க்க முடியாமல் பாதியில் விற்ற வண்டிகள் இங்கே கொள்ளை கொள்ளையாகக் கிடைக்கும், டப்பா டப்பாவாகப் போல்ட்டோடு. முதலில் நிற்க வைக்கவும் ஓடவும் தேவையானதைச் செய்து, கோடையில் ஓட்டி, குளிர்காலத்துக்கு ஒரு வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதம்: பானட்டுக்குக் கீழே உள்ள தகட்டில் சேஸ் எண் GHD5 என்று தொடங்க வேண்டும், அதில் D என்பது கூரை வைத்த ஜிடி. அது V5C-யோடு (வண்டியின் அரசுப் பதிவு ஆவணம்) பொருந்துகிறதா என்று பாருங்கள். V5C உரிமைப் பத்திரம் அல்ல, ஆகவே காசுக்குக் கையெழுத்து ரசீதும் வாங்குங்கள். நாற்பது வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை, பெரிதாக மாற்றியமைக்காதவரை எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் வரியில்லாத பதிவையும் காப்பீட்டையும் செய்தாக வேண்டும். வரலாற்று வாகனம் என்று பதிவானால் லண்டனில் புகை விடும் வண்டிகளுக்குப் போடும் உலெஸ் (ULEZ) கட்டணமும் கிடையாது. இன்னொன்று, போவதற்கு முன்பே வீட்டிலிருந்தே செய்யலாம்: நம்பர் பிளேட்டை அரசு இணையதளத்தில் போட்டால் 2005 முதலான எம்ஓடி வரலாறு இலவசமாக வரும். கடைசியாகச் சோதித்தவர் சில் பக்கம் துரு என்று ஏதாவது குறித்திருந்தால், பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

சில் வேலைக்குப் புகைப்படமோ பில்லோ இருக்கிறதா என்று பெரியவரிடம் கேளுங்கள். முறையாகச் செய்தவர்கள் பெரும்பாலும் எடுத்து வைத்திருப்பார்கள். கோடும் தெரிந்து, படமும் இருந்தால் விலையில் ரொம்ப இழுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, கராஜ் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஐம்பது வருட வண்டி வைத்திருந்தவர் வீட்டில் ஒரு ஆல்டர்னேட்டராவது, ஒரு ஜோடி பழைய கதவுக் கைப்பிடியாவது, வண்டியோடு வந்த ஓட்டுநர் கையேடாவது கட்டாயம் இருக்கும்.