ஒரு கிலோ நாட்டுக்கோழிக்கும் இரண்டு கிலோ பிராய்லருக்கும் அரைவைப்பை ஏன் கிட்டத்தட்ட ஒரே அளவு?

எடை இரட்டித்தால், தீனியை அரைக்கும் அரைவைப்பை போன்ற உள்ளுறுப்பும் இரட்டிக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எடை கூடக் கூட உறுப்பும் வளரும்தான், ஆனால் அதே வேகத்தில் இல்லை.

குஞ்சு பொரிந்தவுடன் அவசரம் செரிமானத்துக்குத்தான். முதல் வாரத்தில் ஈரல், குடல், அரைவைப்பை எல்லாம் உடலை முந்திக்கொண்டு வளரும். அப்புறம் சதை முந்திவிடும். இரண்டு கிலோ பிராய்லரில் ஈரல் ஏறக்குறைய 40 கிராம், அதாவது 2 சதவீதம். முதல் வாரக் குஞ்சில் அந்தப் பங்கு அதைப்போல இரண்டு மடங்கு வரும். இதயம் அரை சதவீதம், சுமார் 10 கிராம். நெஞ்சுச்சதைக்காகவே தேர்ந்து வளர்த்த இனம் அல்லவா, அந்த உடம்புக்கு இந்த இதயம் கொஞ்சம் சின்னதுதான். வேகமாக வளரும் பிராய்லர்களுக்கு வயிற்றில் நீர் கோப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரைவைப்பை கதை வேறு. அது தசை, வேலை கொடுத்தால் பெருக்கும். மேலப்பாளையம் சந்தையில் வாங்கி வந்த நாட்டுக்கோழியை எங்கள் ஆச்சி அறுத்துக் கழுவும்போது பார்த்திருக்கிறேன்: பையைக் கீறினால் கம்பு, வண்டின் ஓடு, பொடிக்கல், ஒரு தடவை வளையல் துண்டுகூட. உள்ளே மஞ்சள் தோல் முரடாக இருக்கும், உரிக்கவே நேரமாகும். பிராய்லருக்குத் தீனி அரைத்தே வருகிறது, அந்தப் பைக்கு என்ன வேலை? பிராய்லருக்கே முழுத் தானியம் கலந்து போட்டாலும் பை பெருக்கும்.