முதலில் பாஸ் வாசிப்பவரைத் தேடுங்கள்

வேலைக்காக வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன, அறையில் தனியாகக் கிடார் வாசித்துக்கொண்டிருக்கிறேன், பொழுதுபோக்காக ஒரு புளூஸ் குழு அமைக்க ஆசை, ஆனால் இங்கே யாரையும் தெரியாது, என் வாசிப்பும் சுமார்தான், போதாக்குறைக்கு இது நம்முடைய இசையும் அல்ல, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. நான் புலம்பெயர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பதினான்கு ஆண்டுகளாக, அலுவலக வேலைக்கு நடுவே, அப்படி ஒரு குழுவில் வாசித்து வருகிறேன். எங்களில் எவருக்கும் இசை பிழைப்பு அல்ல.

உங்கள் கடைசிக் கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் கடும் ஒடுக்குமுறைக்கு நடுவே உருவாக்கிய இசை புளூஸ் என்பதை மறந்துவிட்டு அதை வாசிப்பது முறையல்ல. ஆனால் நாம் இன்று கேட்கும் மின்கிடார் புளூஸ் பெருமளவுக்கு இடம்பெயர்ந்தவர்களின் இசை. புளூஸ் பாடகரும் கிடார் கலைஞருமான மட்டி வாட்டர்ஸ் 1943-இல் மிசிசிப்பியின் தோட்ட வேலையை விட்டுவிட்டுச் சிகாகோவுக்கு வந்து, பகலில் ஆலையில் உழைத்தும் லாரி ஓட்டியும் வயிற்றைக் கழுவிக்கொண்டு, இரவில் வீட்டு விருந்துகளில் வாசித்தவர். நகரத்துக் கூடங்களின் இரைச்சலில் மரக்கிடாரின் ஒலி எடுபடாததால்தான் மின்கிடாருக்கு மாறினார். வேற்றூரில் பகலில் வேலை, இரவில் வாசிப்பு என்ற வாழ்க்கை உங்களுக்கு விளங்காத ஒன்றல்ல. யாருடைய இசை என்று அறிந்து, பழைய பதிவுகளைப் பொறுமையாகக் கேட்டு வாசிப்பவரை நான் பார்த்தவரை எவரும் விலக்கியதில்லை.

இனி என் தவற்றைச் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதே வழியில்தான் போகிறீர்கள். என் முதல் குழுவில் மூன்று கிடார்களும் ஒரு டிரம்ஸும் இருந்தன. தாழ்ந்த சுரங்களால் பாடலைத் தாங்கும் பாஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லை. அறையில் தனியாகப் பயின்ற எல்லோரையும் போல நாங்கள் மூவரும் தனிவாசிப்பை மட்டுமே பயின்றிருந்தோம். ஒருவர் வாசிக்கும்போது மற்ற இருவரும் தம் முறைக்காகக் காத்திருந்தோமே தவிர, அவருக்குக் கீழே தரை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவர் ஒலியைக் கூட்டினால் அடுத்தவரும் கூட்டினார். நான்காவது மாதம் டிரம்ஸ் வாசித்தவர் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார், குழுவும் அத்துடன் கலைந்தது. அதன் பிறகு நான் ஒரு பழைய பாஸ் கிடார் வாங்கினேன். அதுவரை நான் தேடித் தேடிப் போன ஊரில், அந்த மாதத்திலிருந்து என்னைத் தேடி அழைப்புகள் வந்தன. பொழுதுபோக்குக் கலைஞர்களிடையே கிடார் வாசிப்பவருக்குப் பஞ்சமே இல்லை. பாஸுக்கும் டிரம்ஸுக்கும் எப்போதும் பஞ்சம்தான். ஆகவே குழு அமைக்க விரும்பினால் முதலில் பாஸ் வாசிப்பவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே அவராகுங்கள். கிடாரின் கனத்த நான்கு தந்திகளும் பாஸின் நான்கு தந்திகளும் ஒரே சுரவரிசையில் அமைந்தவை, பாஸில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவுதான். விரல்களுக்கு வழி ஏற்கெனவே தெரியும்.

உங்கள் வாசிப்பு சுமார் என்பது தடையே அல்ல. முன்பின் அறியாத நால்வர் ஒத்திகையின்றி உடனே சேர்ந்து வாசிக்கக்கூடிய இசைகளில் புளூஸ் முதன்மையானது. அதற்குக் காரணம் பன்னிரண்டு பார் என்னும் சட்டகம். சிறுவயதில் பாட்டு வகுப்பில் தொடையில் தாளம் போட்டது நினைவிருந்தால் இது எளிதில் பிடிபடும். நான்கு எண்ணிக்கை ஒரு பார் என்றால், பன்னிரண்டு பாருக்கு நாற்பத்தெட்டு எண்ணிக்கை, அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதிதாள ஆவர்த்தனங்கள் சரியாக ஆறு. முதல் இரண்டு ஆவர்த்தனங்கள் 'ச'வை வேராகக் கொண்ட கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு. மூன்றாவது, 'ம'வின் கார்டு. நான்காவதில் 'ச'வுக்குத் திரும்புகிறோம். ஐந்தாவதில் முதல் பாதி 'ப', பின்பாதி 'ம'. ஆறாவதில் மீண்டும் 'ச', முடியும் தறுவாயில் அடுத்த சுற்றுக்கு அழைப்பதற்காக 'ப'. இம்மூன்று கார்டுகளும் இச்சுற்றும் கைவந்துவிட்டால் நூற்றுக்கணக்கான பாடல்களுக்குப் பின்வாசிப்பு, அதாவது ரிதம் கிடார், வாசிக்கலாம்.

ஷஃபிள் என்று அவர்கள் சொல்லும் நடையும் நமக்கு அந்நியமல்ல. ஒவ்வோர் எண்ணிக்கையையும் திஸ்ர நடையில் 'தகிட' என்று மூன்றாக்கி, நடுவிலுள்ள 'கி'யை விழுங்கிவிட்டு, 'த'விலும் 'ட'விலும் மட்டும் தந்தியை மீட்டினால் அதுவே ஷஃபிள். தனிவாசிப்புக்குப் பெரும்பாலோர் முதலில் கற்கும் ஐந்து சுரங்கள் நம் சுத்த தன்யாசியின் சுரங்களேதான். ஆனால் ராகத்தை அப்படியே வாசித்தால் புளூஸ் ஆகிவிடாது: தாழ்ந்த 'க'வான சாதாரண காந்தாரத்துக்கும் உயர்ந்த 'க'வான அந்தர காந்தாரத்துக்கும் இடையே தந்தியை இழுத்து, எதிலும் முழுமையாக நிற்காமல் விடுகிற அந்த இடத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. கமகம் கேட்டு வளர்ந்த காது இங்கே பெரிய உதவி, கொஞ்சம் ஆபத்தும்கூட. நான் தொடக்கத்தில் ஒவ்வொரு சுரத்தையும் அசைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஹார்மோனிகாக்காரர் ஒருநாள், சிலவற்றையாவது அசையாமல் விட்டுவை என்று கெஞ்சினார்.

ஆட்களைக் கண்டுபிடிக்க விளம்பரம் எழுதுவதைவிட, உங்கள் நகரில் நடக்கும் திறந்த ஜாம் இரவுகளை, அதாவது யாரும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கக்கூடிய இரவுகளை, தேடிப் போவது நல்லது. வாயிலருகே ஒரு பட்டியல் இருக்கும். பெயரையும் கருவியையும் எழுதினால், நடத்துபவர் நான்கைந்து பேரைச் சேர்த்து மேடையேற்றுவார். மது அருந்தாவிட்டாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள், எனக்கு இத்தனை ஆண்டுகளில் அந்தச் சங்கடம் வந்ததில்லை. முதல் இரண்டு முறை கிடாரை எடுத்துச் செல்லாமல் வெறுமனே உட்கார்ந்து கேளுங்கள். பாடுபவர் மேடையில் சுருதியையும் நடையையும் ஓரிரு சொற்களில் அறிவித்துவிட்டு உடனே எண்ணத் தொடங்கிவிடுவார், அச்சொற்கள் காதில் பழக வேண்டும். நான் முதல்முறை ஏறியபோது 'குயிக் சேஞ்ச்' என்றார்கள். இரண்டாவது பாரிலேயே 'ம' கார்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று அதற்குப் பொருள் என அறியாமல் தலையாட்டிவிட்டு, நான் மட்டும் 'ச'விலேயே நின்றேன். அடுத்த சுற்றில் பாஸ் வாசித்தவர் என் பக்கம் திரும்பி நின்று, தம் இடக்கை விரல்கள் தெரியும்படி வாசித்தார், பிழைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று கேட்டால் ஒருவரும் குறைவாக எண்ணுவதில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டுவதுதான் மேடையில் எல்லோரையும் கவிழ்க்கும்.

இன்னொன்று, பாடுபவர் பாடும்போது வாசிக்காதீர்கள். புளூஸ் பாடலில் பொதுவாக முதலடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாமடியில் பதில் சொல்வார்கள். ஒவ்வோர் அடியும் நான்கு பார். அதில் ஏறக்குறைய முதல் இரண்டு பாரில் குரல், எஞ்சியவற்றில் கருவியின் மறுமொழி. அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பவரைத்தான் பாடகர்கள் நினைவில் வைத்திருந்து மறுவாரம் அழைக்கிறார்கள். பேச்சில் எப்போது நுழைவது என்று தெரியாமல் அலுவலகக் கூட்டங்களில் வாய்மூடி உட்கார்ந்திருந்த காலத்தில், எனக்கு இந்த ஒழுங்கு பெரிய ஆறுதலாக இருந்தது. இங்கே என் முறை எப்போது வரும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

குழு அமைந்த பிறகு அடுக்குமாடி வீட்டில் ஒத்திகை வைக்காதீர்கள். பாஸின் ஒலி சுவரைத் தாண்டும், டிரம்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகை அறைகள் பல நகரங்களில் உண்டு. நால்வராகப் பகிர்ந்தால் சுமை தெரியாது. இரு வாரங்களுக்கு ஒருமுறை, இரண்டு மணிநேரம், ஆறு பாடல்கள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். குடும்பமும் வேலையும் உள்ளவர்களிடம் அதற்கு மேல் கேட்டால் குழு நிலைக்காது. யாராவது பணம் கொடுத்து வாசிக்க அழைத்தால், ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் விசா நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். சிறு தொகையானாலும் அது வேறொரு வேலையாகக் கருதப்படலாம்.

ஜாமுக்குப் போகிற அன்று பட்டியலில் பெயருக்கு எதிரே வெறுமனே கிடார் என்று எழுதாமல், 'ரிதம் கிடார், பாஸும் வாசிப்பேன்' என்று எழுதுங்கள். உங்களுக்கு முன்னால் எட்டுப் பேர் கிடார் என்று எழுதியிருப்பார்கள்.