கொத்தாமல் தோட்டம் போட முடியுமா?

கேள்வி: ஒவ்வொரு குளிர்காலத்திலும் காய்கறிப் பாத்திகளைக் கொத்திப் புரட்டிப் போடுவது எங்கள் வழக்கம். இனி கொத்தாமலேயே பயிரிட விரும்புகிறோம். களிமண் நிலம், புல்லும் கோரையும் மண்டிக் கிடக்கின்றன. அடுத்த விதைப்புக்குள் மண்ணை எப்படித் தயார் செய்வது?

பதில்: தாராளமாக மாறலாம், குளிர்காலத் தொடக்கமே அதற்கு ஏற்ற நேரம். மண்ணைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் மண்புழுக்களின் வளைகளும், வேர்களோடு கூடி வாழும் பூஞ்சை இழைகளும் அறுபடுகின்றன. அடியில் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த களை விதைகள் மேலே வந்து, வெளிச்சம் பட்டு முளைக்கின்றன.

முதலில் புல்லைத் தரையோடு அறுத்து அங்கேயே போட்டுவிடுங்கள். அதன்மேல் பளபளப்பு இல்லாத பழுப்பு அட்டைகளை, ஒட்டுநாடாவையும் கம்பி ஊசிகளையும் நீக்கிவிட்டு, ஓரங்கள் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்குமாறு பரப்பி, நன்றாக நனையுங்கள். விரற்கடை இடைவெளி இருந்தாலும் புல் அதன் வழியே தலைநீட்டிவிடும். அட்டையின் மேல் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மக்கிய உரம் போட வேண்டும். பலரும் திணறுவது இங்கேதான்: 1.2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரே ஒரு பாத்திக்கு, 10 செ.மீ. உயரம் என்றால்கூட, 360 லிட்டர் உரம் பிடிக்கும். ஆகவே, இருக்கிற உரத்தைத் தோட்டம் முழுவதும் மெலிதாகத் தூவுவதைவிட, இந்த ஆண்டு ஓரிரு பாத்திகளை முறையாக முடிப்பதே மேல் என்பேன். அடுத்த ஆண்டிலிருந்து 3 முதல் 5 செ.மீ. போதும்.

உரத்தை ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் பயன்படுத்தலாம்; மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தால் இன்னும் சில வாரங்கள் குவியலிலேயே கிடக்கட்டும். விலைக்கு வாங்கும் தொழுவுரத்தில், கால்நடைகள் தின்ற தீவனத்தின் வழியாகக் களைக்கொல்லியின் எச்சம் வந்திருக்கவும் கூடும். ஒரு சிறு தொட்டியில் அந்த உரத்தைக் கலந்து அவரை விதையை ஊன்றி, தளிர்கள் திருகிச் சுருள்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பாத்தியில் போடுவது நல்லது.

களிமண்ணுக்கு உங்கள் கால்தான் முதல் எதிரி. ஈரமாக இருக்கையில் மிதித்தால் அது இறுகிவிடும் என்பதால், நடைபாதையைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். ஏற்கெனவே கெட்டித்துப் போயிருந்தால், அட்டை விரிக்கும் முன் ஒரே ஒரு முறை, நீண்ட பற்களுள்ள கருவியைச் செங்குத்தாக இறக்கி, மண்ணைப் புரட்டாமல் இலேசாக நெம்பிவிடலாம். அதன் பிறகு மேலே கிடக்கும் உரத்தை உள்ளே இழுத்துச் செல்லும் வேலையை மண்புழுக்கள் பார்த்துக்கொள்ளும்.

கோரை விஷயத்தில் மட்டும் அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள். அதன் ஊசி முனைக் குருத்து நனைந்த அட்டையைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். தலைகாட்டும்போதெல்லாம் அறுத்துக்கொண்டே இருந்தால்தான் கிழங்கில் உள்ள சேமிப்பு தீரும். அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

கேள்வி: காய்ப்பு ஓய்ந்த செடிகளை வேரோடு பிடுங்கலாமா?

பதில்: நோய் தாக்கிய செடியைத் தவிர மற்றவற்றைத் தரைமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே மட்க விடுங்கள். உருளைக்கிழங்கைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தபின் மண்ணைச் சமன்செய்து உரத்தால் மூடிவிட்டால் போதும்.