பெரிய கோப்பு நகலெடுக்கையில் லினக்ஸில் ஹார்ட் டிஸ்க் உறைவது

பெரிய கோப்பை நகலெடுக்கும்போது டிஸ்க் ஒவ்வொரு தடவையும் 30 விநாடி உறைந்து, பிறகு தானாக ஓடுகிறதா? முதலில் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள். அந்த 30 விநாடிதான் டிஸ்க்கின் பதிலுக்குக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வழக்கமாகக் காத்திருக்கும் வரம்பு. அது கடந்ததும் இணைப்பை ரீசெட் செய்கிறது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண்ணின் மூல மதிப்பை (raw value; கேபிள் வழியே தரவு போகையில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை) குறித்துக்கொண்டு மறுபடி நகலெடுங்கள். கூடினால் கேபிளை மாற்றுங்கள், போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். பழைய எண்ணிக்கை குறையாது. மேலும் ஏறுகிறதா என்பதே கணக்கு.

ஏறவில்லையா? அந்த டிஸ்க்கின் கியூ டெப்த்தை (ஒரே நேரத்தில் டிஸ்க்குக்கு அனுப்பப்படும் கட்டளைகளின் எண்ணிக்கை) 1 ஆக்குங்கள். பல கட்டளைகளை டிஸ்க்கே வரிசைப்படுத்திச் செய்யும் என்சிகியூ வசதி அணையும். உறைவு நின்றால் கோளாறு டிஸ்க்கின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரிலோ, மதர்போர்டின் சாட்டா கன்ட்ரோலரிலோ இருக்கலாம். ரீபூட் செய்தால் இந்த அமைப்பு போய்விடும்.

ஸ்மார்ட் பட்டியலின் 5 (பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்கள்) அல்லது 197 (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள்) ஏறினால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். டிஸ்க்கே பழுதாகிறது, உடனே பேக்கப் எடுங்கள்.